இடக்கை இடியன்

தீபாவளிக்கு முந்தின நாள் பின்னேரம் எங்கள் ஆட்கள் ஏழு வீட்டாரும், நாங்கள் வந்து குடியேறிய நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ட்ருகனினாவுக்குப் போவார்கள். அங்கே என் நண்பனின் கராஜில் மான் இறைச்சி பங்கு போடப்படும். நண்பன் வன்னியில் காட்டோரம் பிறந்து வளர்ந்தவன். பக்கத்து வெயார்ஹவுஸ் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். லீவு கிடைத்தால் வேட்டைத் துவக்கோடு மலைப்பக்கம் போய்விடுவான். ஊரில் தீபாவளிக்கு நாலைந்து வீட்டார் சேர்ந்து கிடாய் அடித்துப் பங்கு போடுவோமே, அதை அவன் இங்கே மானில் நடத்திக்கொண்டிருந்தான். காரை வெளியே விட்டுவிட்டு, நிலத்தில் நீலத் தறப்பாள் விரித்து, வீட்டுக்கு ஒரு கூறாகக் குவித்து வைப்பான். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் விலா, ஒரு துண்டு ஈரல். யாரும் வந்து எந்தக் கூறையும் எடுக்கலாம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இராது.

பங்கு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை, எல்லோரும்தான் வாங்கினார்கள். ஆனால் மற்றவர்கள் வேட்டைக்குப் போகாதவர்கள். நான் போகிறவன்! முறைப்படி லைசென்ஸ் எடுத்து, பச்சைச் சட்டை வாங்கி, நண்பனோடு குளிரில் விறைத்து, ஒவ்வொரு முறையும் குறி தவறவிட்டு வெறுங்கையோடு திரும்பி, கடைசியில் அவனுடைய கராஜில் பையை விரித்துப் பிடிக்கிறவன். இத்தனைக்கும் நாங்கள் குடியிருக்கும் கிளேட்டனில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். நாள் முழுக்க மில்லிமீட்டரைப் பிளந்து அளக்கிறவன், எதிரே நிற்கும் மானை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் நிற்கும் மரத்தைச் சுடுவேன்.

"வேட்டைக்காரன்ர பெண்சாதி எண்டுதான் பேர்," என்றாள் என் மனைவி ஒரு தீபாவளிக்கு, மடியில் இறைச்சிப் பையோடு காரில் வரும்போது. "சமைக்கிறது மட்டும் மற்ற ஆள் சுட்ட மான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரே ஒரு தீபாவளிக்காவது என் கராஜில் தறப்பாள் விரியவேண்டும், நான் கூறு போடவேண்டும், மற்றவர்கள் பையோடு வந்து நிற்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வீடு வாங்கியபோதுகூட நான் இப்படி ஆசைப்படவில்லை.

இடியன் எனக்கு நண்பனின் கதைகளிலிருந்து வந்தது. வன்னியில் குழல் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடும் துவக்குக்கு இடியன் என்று பேர். ஒரு தரம் சுட்டால் திரும்ப இடித்து நிரப்புவதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகவே கிட்டப் போகவேண்டும், பொறுமையாக இருக்கவேண்டும், ஒரே வெடி. இப்படியான துவக்குகளை இந்த நாட்டிலும் வேட்டைக்குப் பாவிக்கிறார்கள், புதிதாகவும் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. தொலைநோக்கி பூட்டிய புதுத் துவக்கு என்னை மதிக்கவில்லை. சரி, நானும் அதை மதிக்கவில்லை!

"எல்லாரும் முன்னுக்குப் போகேக்க நீங்கள் பின்னுக்குப் போறியள்," என்றாள் மனைவி.

"எடேய், ஸ்கோப் வைச்சே உனக்குப் படேல்ல. இடியனால என்னத்தைக் கிழிக்கப்போறாய்?" என்றான் நண்பன்.

இரண்டு பேரும் சொன்னால் பிறகு என்ன, போகத்தானே வேண்டும். ஒரு சனிக்கிழமை மனைவியையும் இழுத்துக்கொண்டு டண்டினொங் பக்கம் ஒரு துவக்குக் கடைக்குப் போனேன். பக்கத்தில் மீன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்குள் வந்ததும் அவள் ஒரு கதிரையைப் பிடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

சுவரோரம் நாலைந்து இடியன்கள் நின்றன. நான் படித்துக்கொண்டுதான் போயிருந்தேன். மானுக்குச் சிறிய குழல் சட்டப்படி ஆகாது. குழலின் உட்பக்கம் துருவரித்த குழிகள் இருக்கக்கூடாது. அதற்கு ஒரு சின்ன விளக்கை நூலில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தேன். அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை விரலால் பின்னுக்கு இழுத்தால் இரண்டு இடத்தில் தெளிவாகச் சத்தம் கேட்டு நிற்கவேண்டும். எல்லாம் சரிபார்த்தேன், அதெல்லாம் என் தொழில்தானே. ஆனால் ஒவ்வொன்றையும் தோளில் வைத்ததும் வழக்கமான கோளாறு வந்தது. குறிபார்க்கும் முனை ஒரு பக்கம் ஓடியது, கழுத்து ஒரு பக்கம் வளைந்தது. பாரமா, நீளமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மூலையில் ஒன்று தனியாகச் சாத்திக் கிடந்தது. மரத்தில் கல்யாண மண்டபக் கதிரை மாதிரிப் பளபளவென்று தடித்த வார்னிஷ். அசிங்கம்! சும்மா தூக்கிப் பார்த்தேன். தூக்கினால், அது தானாகவே என் இடது தோளில் போய் உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் படிந்தது. முனை அசையாமல் எதிர்ச் சுவரில் இருந்த மணிக்கூட்டின் நடுவில் நின்றது.

கடைக்காரர், அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், நிமிர்ந்து பார்த்தார். அந்தத் துவக்கின் சுத்தியலும் மற்றதெல்லாமும் இடப்பக்கம் இருக்கின்றன, இடக்கைக்காரர்களுக்காகச் செய்தது, வாங்க ஆளில்லாமல் கனகாலம் கிடக்கிறது என்றார். நீ இடக்கையா என்று கேட்டார்.

"நோ, நோ," என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கதிரையிலிருந்து குரல் வந்தது. "என்ன நோ? வீடு கூட்டேக்க தும்புத்தடி எந்தக் கையால பிடிக்கிறனீங்கள்?"

"நீ கொஞ்சம் சும்மா இரு."

"கத்தரிக்கண்டுக்குத் தண்ணி அடிக்கிறது எந்தக் கையால? போன கிழமை கிரிக்கெட் தோத்த கோவத்தில ரிமோட்டை எனக்கு மேல எறிஞ்சது எந்தக் கையால?"

"உனக்கு மேல எறியேல்ல. சோபாவுக்கு மேலதான் எறிஞ்சனான்."

"எந்தக் கையால எண்டு கேட்டனான்."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவர் மனைவியின் பக்கம்தான் தலையாட்டினார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் இடக்கையால் சோற்றைத் தொட்டால் அம்மாவின் அகப்பைக்காம்பு அந்த விரலில் விழும். இடக்கையால் பென்சிலைப் பிடித்தால் ரீச்சரின் கோடு போடும் அடிமட்டம் விழும். அந்தக் கையால் தின்னக்கூடாது, எழுதக்கூடாது, யாருக்கும் ஒன்றும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் வாங்குகிறவருக்கு அவமரியாதை. இரண்டு பெண்மணிகளும் கெட்டிக்காரிகள். நானே மறந்துபோகும் அளவுக்கு என்னை வலக்கைக்காரன் ஆக்கிவிட்டார்கள். ஆனால் கண்ணுக்கும் தோளுக்கும் யாரும் அடிக்கவில்லை, அவை பிறந்தபடியே இருந்துவிட்டன. இத்தனை வருடமும் இடது கண்ணுக்குப் பிறந்தவன் வலது கண்ணால் மரம் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைக்குள்ளேயே சிரித்துவிட்டேன். மனைவியும் சிரித்தாள். அன்றைக்கு அந்த அசிங்கமான துவக்குக்கு மனுப் போட்டோம். பாரை மீனும் வாங்கினோம்.

அனுமதி வந்து துவக்கு கைக்கு வந்தபோது குளிர்காலம் முடிகிற நேரம். நண்பனோடு சுடுதளத்துக்குப் போனேன். மருந்தை அளந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஈயக்குண்டைக் குழல் வாயில் வைத்து, கோலால் ஒரே சீராக இடித்து இறக்கி, சுத்தியலுக்குக் கீழே தீப்பொறி தரும் சின்னச் செப்புத் தொப்பியை மாட்டி, இடது தோளில் வைத்துச் சுட்டேன். டமார்! வெள்ளைப் புகை கிளம்பி எதிரே ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்குள் சீன வெடி மணம். அடுத்தடுத்த தளங்களில் நின்றவர்கள் தங்கள் துவக்கை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தேன். பின்னேரம்வரை நான் சுட்டு முடித்ததும், நண்பன் போய் நான் குறிவைத்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்தான். அவனுடைய முகத்தில் பகிடியைக் காணவில்லை.

"மச்சான், எல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள விழுந்திருக்கு."

அன்றிரவே அவன் ஏழு வீட்டாரின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டான். இந்தத் தீபாவளிக்கு மான் கிளேட்டனில், தான் துவக்கைத் தொடப்போவதில்லை என்று. உடனே போன் எடுத்தேன்.

"எடேய், உனக்கென்ன விசரே? நான் தவறவிட்டா?"

"தவறவிட்டா எல்லாரும் கத்தரிக்காய்க் குழம்பு. என்ன, செத்தே போவினம்?" என்றுவிட்டுப் போனை வைத்தான்.

சுடுதளத்தில் கண்ட ஒரு குறை, அந்த வார்னிஷ். வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி மின்னியது. காட்டில் மின்னினால் மான் நிற்குமா? ஆகவே வெட்டி வேலை என்று மனைவி சொன்ன வேலையைத் தொடங்கினேன். குழலையும் இரும்பு வேலைப்பாடு எல்லாவற்றையும் கழற்றிச் சட்டப்படி இரும்புப் பெட்டகத்தில் பூட்டினேன். சோங்கு, அதாவது தோளில் முட்டும் மரப்பகுதி, தனியே வந்தது. அதில் வார்னிஷ் நீக்கும் களிம்பைப் பூசினேன். நாற்றம் குசினிவரைக்கும் போய், மனைவி என்னைக் கராஜுக்குத் துரத்தினாள். வார்னிஷ் பால் ஆடை மாதிரிச் சுருண்டுகொண்டு வந்தது. பிறகு சாண்ட்பேப்பர். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் மரத்தில் சின்னச் சின்ன மயிர் எழும்பும், காய்ந்ததும் அதையும் தேய்க்கவேண்டும். அப்படி மூன்றாம் தரம் தேய்த்துத் துணியால் தூசியைத் துடைத்தபோது மரம் தன் முகத்தைக் காட்டியது. ஆகா! வால்நட் மரம், தேன் நிறம், அடியிலிருந்து கழுத்துவரை நெளிநெளியாக ரேகை. இந்த அழகை மூடிக் கதிரை வார்னிஷ் அடித்த மனுசன் யார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நைஸ், அப்பா," என்றுவிட்டுப் போய்விட்டாள். அந்த வீட்டில் ரசனை எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் எண்ணெய் பூசவேண்டும். மறுநாள் சரஸ்வதி பூசை. நான் வேலையால் வந்து கராஜைத் திறந்தால் மேசையில் சோங்கு இல்லை. வீட்டுக்குள் ஓடினேன். சாமியறையில் விளக்கு எரிகிறது. வெள்ளைத்துணி விரித்து மகளின் புத்தகங்கள், தாதியான மனைவியின் ஸ்டெதஸ்கோப், என் அளவுக் கருவி ஒன்று, எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளை மாதிரி என் சோங்கு. அதன்மேல் ஈரச் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, வரிசையாக மூன்று பொட்டு.

"ஐயோ கடவுளே!" என்று கத்தினேன். "அது பச்சை மரம்! இன்னும் எண்ணெய் பூசேல்ல! எல்லாத்தையும் குடிச்சிடும்!"

"சத்தம் போடாதேங்கோ. கால் கழுவிப்போட்டு வாங்கோ, தீபம் காட்டோணும்."

"துவக்குக்குப் பொட்டு வைக்கச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?"

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் வேற என்னத்தை வைக்கிறது? கத்தரிக்கோலையோ?" கற்பூரத்தட்டோடு திரும்பிப் பார்த்தாள். "ஏழு வீட்டுச் சனமும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கு. அது சரியா வெடிக்கோணும் எண்டுதான் வைச்சனான். எனக்கு மட்டும் ஆசை இல்லையே?"

வந்த கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. என்னைப் பகிடி பண்ணிக்கொண்டே இவளும் என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. கால் கழுவிக்கொண்டு வந்து கும்பிட்டேன். சுண்டலும் தின்றேன்.

அடுத்தநாள் மூன்று பொட்டையும் தேய்த்தேன். இரண்டு போய்விட்டன. கன்னம் படிகிற இடத்தில் இருந்தது மட்டும் ஆழமாக இறங்கிவிட்டது. இன்னும் தேய்த்தால் மரம் பள்ளமாகும். அப்படியே விட்டேன். பிறகு ஆளிவிதை எண்ணெய். துளித்துளியாக விட்டு, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒருநாள் காயவிட்டு, மறுபடியும் பூசவேண்டும். நல்லெண்ணெய் போட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். அது காயாது, பிறகு துவக்கு தோசைக்கல் மாதிரி ஆகிவிடும் என்றேன். ஆனால் வேலை முடிந்து வந்து அவளும் ஒரு பக்கம் பிடித்துத் தேய்த்தாள். நோயாளிகளின் முதுகு தேய்த்துப் பழகின கை, என்னுடையதைவிட நன்றாக மினுங்கவைத்தது. எண்ணெய் இறங்க இறங்க மரம் கருத்து ஆழமானது, பொட்டு மாதுளந்தோல் நிறத்தில் நின்றது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை விடியப்புறம் நானும் நண்பனும் வடக்கே ஒரு பண்ணையில் நின்றோம். மான்கள் மேய்ச்சலை எல்லாம் தின்று முடிக்கின்றன என்று பண்ணைக்காரர் எங்களுக்கு அனுமதி தந்திருந்தார். நண்பனின் கையில் தேத்தண்ணிப் போத்தல் மட்டும். காற்று எங்கள் முகத்தில் அடித்தது, அது நல்லது, எங்கள் மணம் மானுக்குப் போகாது. வாட்டில் மரங்களின் ஓரத்தில் மான்கள் மேய்ந்தன. விழுந்துகிடந்த மரம் ஒன்றின் பின்னால் நண்பன் நின்றுவிட்டான். நான் தனியே தவழ்ந்தேன். முழங்கால் நனைந்தது, முள் ஏறியது, வாய் காய்ந்தது. இரண்டு கிரிக்கெட் பிட்ச் தூரத்துக்கு வந்தபோது ஓர் இளம் கலைமான் பக்கவாட்டில் திரும்பித் தனியாக நின்றது.

துவக்கை உயர்த்தினேன். எங்கே? வலது தோளுக்கு! பயம் வந்ததும் உடம்பு அம்மாவின் அகப்பைக்காம்புக்குப் போய்விட்டது. இடப்பக்கச் சுத்தியல் என் மூக்கடியில் முழித்துக்கொண்டு நின்றது. அப்படியே சுட்டிருந்தால் பொறி என் கண்ணுக்குள்தான். மெல்ல இறக்கினேன். மான் தலையைத் தூக்கியது. ஏழு வீட்டுக்கும் கத்தரிக்காய்க் குழம்பு என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது தோளுக்கு மாற்றினேன். கன்னம் போய்ப் பொட்டு இருந்த இடத்தில் படிந்தது. முனை மானின் முன்காலுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. விசையை அழுத்தினேன்.

புகை. புகையைத் தவிர வேறொன்றும் இல்லை. பட்டதா இல்லையா, கடவுளே, பட்டதா? காது அடைத்துப்போய் நின்றேன். பின்னால் நண்பனின் குரல் கேட்டது.

"விழுந்திட்டு! மச்சான், நிண்ட இடத்திலேயே விழுந்திட்டு!"

அவன் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். தேத்தண்ணி எல்லாம் என் முதுகில். நாங்கள் இரண்டு வழுக்கைத்தலையர்களும் அந்தப் புல்லில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தது தூரத்தில் நின்ற மாடுகள் மட்டும்தான். பிறகு மானிடம் போனேன். அது துடிக்கவில்லை. கழுத்தில் கை வைத்தபோது இன்னும் சூடாக இருந்தது. கண் கலங்கியது, அது துக்கமும்தான், நன்றியும்தான். கொஞ்சநேரம் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் பின்னேரம் என் கராஜில் புதுத் தறப்பாள் விரிந்தது. கூறு போட்டேன். மனைவி பின்னால் வந்து, "இது கொஞ்சம் பெரிசு, அங்கால போடுங்கோ," என்று ஒவ்வொரு கூறிலும் எடுத்து எடுத்து மாற்றினாள். அன்றைக்கு அவள் என்ன சொன்னாலும் எனக்கு இனித்தது. ஒவ்வொரு வீட்டாராகப் பையோடு வந்தார்கள். வெடி எப்படி வைத்தேன் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். தேவைக்கு அதிகமாகவும் சொன்னேன். வலக்கையால் அள்ளி அள்ளிப் பையில் போட்டேன்.

வரிசையில் கடைசியாக நண்பன் நின்றான். எத்தனையோ தீபாவளிக்கு எனக்குத் தந்தவன், ஒரு வெறும் பையைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சிரிப்போடு நின்றான். அவனைப் பார்த்ததும் அவசரமாகக் குனிந்தேன். ஈரலை எடுத்து அவன் முன் நீட்டிய பிறகுதான் பார்த்தேன். இடக்கையால் நீட்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிப் பங்கை, இவனுக்கு, இடக்கையால்! சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்து, வலக்கைக்கு மாற்றப் போனேன்.

"மாத்தாதை மச்சான்," என்று என் மணிக்கட்டைப் பிடித்தான். "சுட்டது அந்தக் கைதானே. அந்தக் கையாலயே தா."

பையை அகல விரித்துப் பிடித்தான். அவனுடைய கூறு முழுவதையும் இடக்கையால் அள்ளிப் போட்டேன்.